பெரியவீட்டுச் சொந்தங்கள் (குடும்ப வாட்ஸ்அப் குரூப்): பிக்கப் நின்னுருச்சு

செந்தில்: பிக்கப் நின்னுருச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசல்ல இருக்கேன். செல்ஃப் அடிச்சா டக் டக்குதான். டெம்பரேச்சர் முள் குதிக்குது. கியரும் இறுக்கம், ரிவர்ஸ் விழவே மாட்டேங்குது

வள்ளி அத்தை: ஐயோ காலைல பழனிக்குப் பாத்திரம் போகணுமேடா

ராமு: பேட்டரி

மணி மாமா: கியர்பாக்ஸ் போச்சு. அப்பவே வித்துருக்கணும், யாரு கேட்டா

முத்து சித்தப்பா: எதையும் மாத்தாதீங்க. செல்ஃப் அடிக்கையில ஹெட்லைட் மங்குதா?

செந்தில்: இல்ல, பளிச்சுன்னு எரியுது

முத்து சித்தப்பா: அப்ப பேட்டரி இல்ல. கரன்டும் கியரும் ஒண்ணா மக்கர் பண்ணா எர்த்தைத்தான், அதாவது இன்ஜின்ல இருந்து பேட்டரி மைனஸுக்குக் கரன்டு திரும்புற வழியைத்தான் முதல்ல பார்க்கணும். க்ளட்ச் பிளேட் மாத்த கியர்பாக்ஸ் இறக்குனாங்கல்ல, அப்ப சேஸிஸ்ல இருந்து வர்ற பின்னல் எர்த் பட்டையைத் திரும்ப முடுக்காம விட்டிருப்பாங்க. இன்ஜின் ரப்பர் மவுன்ட்ல உக்காந்திருக்கு, ரப்பர் வழியா கரன்டு போகாது. பட்டை இல்லேன்னா ஸ்டார்டர் இழுக்குற கரன்டு கியர் கேபிள் கம்பி வழியா ஓடும். கம்பி சூடேறி உள் பிளாஸ்டிக் உருகிப் பிடிச்சுக்கும். தொட்டுப் பாரு

செந்தில்: சுடுது சித்தப்பா!!

பெரியம்மா: சின்னவன் வீட்டுக்குப் பத்திரிகை வச்சாச்சா

மணி மாமா: எனக்கே போன்லதான் சொன்னாங்க

வள்ளி அத்தை: அண்ணா நேர்லதான வந்தோம், நீங்க வீட்ல இல்ல

முத்து சித்தப்பா: செந்தில், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். மல்டிமீட்டர் 20 வோல்ட் டிசி. கறுப்பு முனை பேட்டரி மைனஸ்ல, சிவப்பு இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இடத்துல. 2 செகண்டு மட்டும் செல்ஃப். மீட்டர் 0.5 வோல்ட் தாண்டக் கூடாது

செந்தில்: 4.1

ராமு: அடேங்கப்பா

முத்து சித்தப்பா: எர்த்தேதான். பக்கத்து லாரில ஜம்பர் கேபிள் வாங்கி மைனஸ்ல இருந்து இன்ஜின் தூக்குற கொக்கிக்குப் போட்டு அடி

செந்தில்: ஒரே அடில பிடிச்சுருச்சு. அப்படியே ஓட்டிட்டு வரவா?

முத்து சித்தப்பா: வேணாம், அணைச்சுரு. மைனஸ் டெர்மினலை முதல்ல கழட்டு, கடைசில மாட்டு. 35 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிளுக்கு ரெண்டு முனையும் லக் (போல்ட் மாட்டுற ஓட்டை வச்ச முனை) அடிச்சு வாங்கு. போல்ட் உக்கார்ற இடத்தை எமரி பேப்பர் போட்டு வெள்ளையா தேய், ஸ்டார் வாஷர் வச்சு முடுக்கு, மேல வாசலின் தடவு

மணி மாமா: அப்ப கியரு?

முத்து சித்தப்பா: கியர்பாக்ஸ் பக்கம் கியர் கேபிளைக் கழட்டிட்டுக் கையால லிவரை ஆட்டிப் பாக்கணும் மச்சான். லேசா ஆடுனா கியர்பாக்ஸ் நல்லாருக்கு, கேபிள் மட்டும் புதுசு. உருகுன கேபிளோட லோடு ஏத்தக் கூடாது, பாதி வழில ஒரே கியர்ல மாட்டிக்கும்

செந்தில்: கையால ஆட்டுனா லேசா விழுது. ஆனா கேபிள் திண்டுக்கல்லதான் கிடைக்குமாம்

வள்ளி அத்தை: அப்ப பாத்திரம்?

ராமு: மணி மாமா டெம்போ இருக்குல்ல

பெரியம்மா: வாழை மரம் யாரு சொல்லிருக்கா?

மணி மாமா: டிரைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன். எர்த் வயரை மாட்டுனதும் போட்டோ போடு செந்தில்