மூன்று இடத்துக்கும் பொதுவாக ஒரு எக்ஸ்ரே இர்ரேடியேட்டர்: எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது?

பாசிக்காரி:
ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மண்டபம் பக்கம் கிடைக்கும் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்ற கடற்பாசிகள் இரண்டிலும் எடுத்த சாறு, கதிர்வீச்சுப் பட்ட செல்களைக் காப்பாற்றுமா என்று பார்க்கிறோம். செல்களுக்கு 2, 4, 6 கிரே (கிரே என்பது கதிர் டோஸின் அலகு) கொடுக்க வேண்டும். இங்கே அதற்குக் கருவி இல்லை. மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போகிறேன். ஒரு புற்றுநோய் மையத்தில் நோயாளிகள் எல்லாரும் முடிந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் லினாக்கில், அதாவது கதிர் சிகிச்சைக் கருவியில், கால் மணி நேரம் தருவார்கள்.

பிளாஸ்கில் மீடியத்தைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, பாராஃபிலிம் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டிலோடு அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். பரமக்குடி தாண்டியதும் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். போன மாதம் ஒரு பிளாஸ்கின் மூடி தளர்ந்திருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தது; கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிட்டது. அது கதிரே படாத கண்ட்ரோல் பிளாஸ்க். பாதி செல்கள் மிதந்தன. மூன்று வார வேலை போச்சு.

இப்போது நாங்களும் ஒரு கல்லூரியும் ஒரு கடல்சார் ஆய்வகமும் சேர்ந்து இர்ரேடியேட்டருக்கு, அதாவது செல்களுக்குக் கதிர் கொடுக்கும் கருவிக்கு, நிதி கேட்கப் போகிறோம். எக்ஸ்ரே பெட்டியா, கதிரியக்கக் கோபால்ட் வைத்த காமா சேம்பரா? எங்கே வைப்பது? எங்கள் ரத்த வங்கியும் அதிலேயே ரத்தப் பைகளுக்கு 25 கிரே கொடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறது.

மதுரை இயற்பியலாளர்:
எக்ஸ்ரேதான் மேடம். கோபால்ட்-60 சும்மா கிடந்தாலும் அதன் கதிர் 5.27 ஆண்டில் பாதியாகும். அதே டோஸுக்கு நேரம் இரட்டிக்கும். காவல், கடைசியில் திருப்பி ஒப்படைப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். 2010இல் டெல்லி மாயாபுரியில், பயன்படாமல் கிடந்த காமா கருவி பழைய இரும்போடு போய் ஓர் உயிரை வாங்கியது. எக்ஸ்ரேயை அணைத்துவிட்டால் கதிர் கிடையாது.

ஆனால் லினாக்கில் எடுத்த முடிவுகளை 160 அல்லது 225 கிலோவோல்ட் பெட்டியின் முடிவுகளோடு அப்படியே சேர்க்காதீர்கள். ஆற்றல் குறைந்த எக்ஸ்ரே அதே 2 கிரேக்குச் செல்லைக் கொஞ்சம் கூடுதலாகவே தாக்கும். எக்ஸ்ரே வரும் வழியில் வைக்கும் ஃபில்டர் எத்தனை மில்லிமீட்டர் செம்பு என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். தட்டின் நடுவும் ஓரமும் ஒரே டோஸ் வாங்குகின்றனவா என்று டோஸ் அளக்கும் ஃபிலிம் வைத்துப் பாருங்கள்.

ரத்தப் பை விஷயத்தில் கறாராக இருங்கள். எலியும் செல் தட்டும் போகும் பெட்டியில் நோயாளிக்கு ஏற்றும் ரத்தம் போகக் கூடாது. அதற்கு ரத்தத்துக்கென்றே அனுமதி பெற்ற கருவி வேண்டும். ஆர்டர் போடும் முன்பே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா என்ற உரிமத் தளத்தில் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கீழக்கரை ரிப்பேர்காரர்:
தங்கச்சி, கதிரைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். நான் உப்பைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கரையில் எக்ஸ்ரே கருவிகளைப் பழுது பார்க்கிறேன். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஜன்னலோர அறையில் இருந்த ஜெனரேட்டர் போர்டுகளைத் திறந்தால், சாலிடர் மேல் பச்சையாகப் பூத்திருக்கும். கடல் பக்கம் ஜன்னல் இல்லாத உள் அறையாகப் பாருங்கள். தரைத்தளம் வேண்டும், ஈயம் வைத்த பெட்டி நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும், சில ஒரு டன்னையும் தாண்டும். ஆனால் மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் மேடை கட்டுங்கள். ஏசியை இரவில் அணைக்கக் கூடாது, அணைத்தால் காலையில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

டியூபைக் குளிர்விக்கும் சில்லருக்கு போர் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். காவிரித் தண்ணீரும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர்தான். எர்த் குழி தனியாக வேண்டும். நம் மண்ணில் ஜிஐ பைப் சீக்கிரம் அரித்துவிடும், எர்த்தின் மின்தடையை ஆண்டுக்கொரு முறை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டியூப் பல நாள் சும்மா இருந்தால் வோல்டேஜைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரமென்று முதல் தடவையே முழு வோல்டேஜ் கொடுத்தால் உள்ளே பொறி பாயும், டியூப் போய்விடும். மூன்று இடத்து ஆட்கள் வந்து போகும் கருவிக்கு இதுதான் பெரிய ஆபத்து. சாவி ஒருவர் கையில் இருக்கட்டும்.

முதுகலை ஆசிரியர்:
டெண்டரிலேயே ஐந்து ஆண்டுப் பராமரிப்பையும் மாற்று டியூபின் விலையையும் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் சொன்னதுதான் விலை. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐ-ஸ்டெம் தளத்தில் பதிந்தால் வெளியாட்களும் நேரம் கேட்பார்கள், அந்தக் கட்டணம் பராமரிப்புக்கு ஆகும்.

பாசிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. ரத்த வங்கிக்கு இன்றே சொல்லிவிட்டேன். வருத்தம்தான், ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். பழைய பதிவேட்டு அறை உள்பக்கம் இருக்கிறது, ஜன்னல் கிடையாது. அண்ணே, சாவியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். திங்கள்தோறும் காலையில், ஆள் வந்தாலும் வராவிட்டாலும், டியூபை மெல்ல ஏற்றி இறக்கினால் போதுமா? இல்லை, வாரம் இரண்டு தடவை வேண்டுமா?

கீழக்கரை ரிப்பேர்காரர்:
தயாரிப்பாளர் புத்தகத்தில் எத்தனை நாளுக்கு எந்த வேகம் என்று அட்டவணை இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் அடித்துக் கதவில் ஒட்டுங்கள். அறையை அளக்கும் அன்று கூப்பிடுங்கள், டேப்போடு வருகிறேன்.