மறு: ஷுகர் சப்ஸ்டிட்யூட்: பதிலியா, இனிப்பூட்டியா?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கான சத்துமாவு, மெல்லும் மாத்திரை பற்றிய கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ‘ஷுகர் சப்ஸ்டிட்யூட்’ என்பதற்குச் ‘சர்க்கரை மாற்று’ என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஒரு பெரியவர், “இதச் சாப்பிட்டா சர்க்கரை மாறிடுமா?” என்று கேட்டார். நம் பேச்சில் சர்க்கரை என்றால் நோயும்தான். அப்போதே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வேறு சொல் தாருங்கள்.

———

‘தீம்பதிலி’ எனலாம். தீம்பால், தீங்கனி, தீந்தமிழ் எல்லாவற்றிலும் உள்ள அதே ‘தீம்’. தேன், தேம் இவற்றுக்கும் உறவு என்பது என் துணிபு. சர்க்கரையோ வடமொழிச் ‘சர்க்கரா’. பரல், பொடிக்கல் என்பதும் அதன் பொருள். அச்சொல் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், 1879இல் கண்டறிந்த சாக்கரின் என்ற செயற்கை இனிப்புக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. நாமாவது அந்த வேரை விட்டு விலகுவோம்.

———

> தீம்பதிலி

ஐயா, வேர் அழகுதான். ஆனால் டப்பாவைத் திருப்பிப் படிப்பவர் கண்ணில் ‘தீ’தான் படும், தீய பதிலி என்று ஒதுக்கிவிடுவார். நிறமூட்டி, மணமூட்டி நிலைத்துவிட்டன. அந்த வரிசையில் ‘இனிப்பூட்டி’ போதுமே? சுருக்கமாக ‘சர்க்கரையிலி’ என்றும் போடலாம்.

———

சர்க்கரையும் இனிப்பூட்டிதானே அம்மா? ‘இலி’யில்தான் எனக்குப் பெரிய தயக்கம். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சர்க்கரையைப்போல் சுமார் 600 மடங்கு இனிக்கும், துளி போதும். பொட்டலத்தின் மீதி இடத்தை நிரப்பப் பல பொடிகளில் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்க்கிறார்கள். அது அதிகம் இனிக்காது, ஆனால் விரைவில் செரித்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். ‘சர்க்கரையிலி’ என்று படித்தவர், ரத்தத்திலும் ஏறாது என்று நம்பி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வார். ‘இல்’ என்றால் இன்மை, அதாவது இல்லாதது; ‘அல்’ என்றால் அன்மை, அதாவது அது அன்று, வேறு. எனவே ‘சர்க்கரையல்லா இனிப்பூட்டி’. நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வகையைத் தனியாகத்தான் வைக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷுகர் ஆல்கஹால்’ எனப்படும் சார்பிட்டால், மால்டிட்டால், எரித்ரிட்டால் அதில் சேரா. எடைக் கட்டுப்பாட்டுக்குச் சர்க்கரையல்லா இனிப்பூட்டிகள் வேண்டாம் என்ற அதன் பரிந்துரையும் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அன்று.

அந்த ‘-ஆல்’ வகைக்கு முன்பு யாரோ ‘சர்க்கரைச் சாராயம்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். போதை தரும் எத்தனால் அவற்றில் இல்லவே இல்லை! மால்டிட்டால் ரத்த குளுக்கோஸைச் சர்க்கரையைவிடக் குறைவாகவே ஏற்றும், ஆனால் ஏற்றும். சார்பிட்டால் மிகுந்தால் வயிறு போகும். இதைச் சொல்லாமல் சாராயத்தைச் சொல்லி அச்சுறுத்துவதா? அவற்றின் வேதியியல் பெயரான ‘பாலியால்’ என்றே எழுதப்போகிறேன்.

———

இனிப்பூட்டிக்கு இசைகிறேன், வெள்ளிக்கிழமைக்கு அதுவே போகட்டும். பாலியாலுக்கு இசையேன். ஒலியை மட்டும் கடன் வாங்கினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்? ‘இன்சேர்மம்’ என்று ஒன்று தோன்றுகிறது, இன் (இனிய) + சேர்மம் (வேதிப்பொருள்). நாளை விரிவாக எழுதுகிறேன்.

———

ஐயா, சுக்ரலோஸும் இன்சேர்மம்தானே?