காஸ்டிக் சோடா கூடினால் குரோம் படிவு ஏன் கரைகிறது?

ராணிப்பேட்டை லேப்:
டேனரி லேபில் வேலை. தோலைக் குரோம் உப்பில் பதனிடும் டிரம்மிலிருந்து வடித்த பழைய குரோம் தண்ணீரை பீக்கரில் எடுத்து காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சாம்பல் பச்சையில் திப்பி திப்பியாகப் படிவு இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தது. மிச்ச குரோமும் இறங்கட்டும் என்று இன்னும் விட்டால், படிவே கரைந்து மொத்தமும் கரும்பச்சை! குரோமியம் ஹைட்ராக்சைடு காரம்தானே? காரத்தில் காரம் எப்படிக் கரையும்?

வாணியம்பாடி வேதியியல்:
காரம் மட்டும் இல்லை தம்பி, அது ஈரியல்பு, அதாவது அமிலமாகவும் காரமாகவும் நடக்கும். பள்ளியில் படித்த அலுமினியம் ஹைட்ராக்சைடு, துத்தநாக ஹைட்ராக்சைடு எல்லாம் அதே கூட்டம். அமிலம் வந்தால் காரமாக நடந்து உப்பும் தண்ணீரும் தரும். காரம் மிகுந்தால் அமிலம் போல நடந்து, இன்னொரு ஹைட்ராக்சைடு அயனியைச் சேர்த்துக்கொண்டு, எதிர்மின் அயனியாகிக் கரைந்துவிடும். நீங்கள் பார்த்த பச்சை அதுதான். அதே பீக்கரில் நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாக விட்டுப் பாருங்கள், படிவு திரும்ப வரும், மேலும் விட்டால் மறுபடி கரையும்.

விஷாரம் பாய்:
பிஎச் 8.5 பக்கம் நிறுத்துங்க, குரோம் கரைவது அங்கேதான் ரொம்பக் குறைவு. காஸ்டிக்கில் கை கொஞ்சம் தவறினாலும் எகிறிவிடும். அதற்குத்தான் மெக்னீசியம் ஆக்சைடு போடுகிறோம். அது மெதுவாகக் கரையும், பிஎச் தாறுமாறாக ஏறாது, படிவும் கெட்டியாக அடியில் உட்காரும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு படிவில் கந்தக அமிலம் விட்டால் தோல் பதனிடும் உப்பான பேசிக் குரோமியம் சல்பேட்டாகி டிரம்முக்கே திரும்பப் போகும். பாலாற்றுப் பக்கக் கிணறுகள் படும் பாடு நம் எல்லோருக்கும் தெரியும், குரோம் வெளியே போகவே கூடாது.

ராணிப்பேட்டை லேப்:
ரொம்ப நன்றி பாய். அப்போ தோலும் இப்படி ஈரியல்புதானா?

வாணியம்பாடி வேதியியல்:
ஆமாம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தோலில் உள்ள கொலாஜன் புரதத்தில் அமிலப் பக்கமாகக் கார்பாக்சிலும் காரப் பக்கமாக அமினோவும் சேர்ந்தே இருக்கின்றன. பிக்கிளில், அதாவது குரோம் போடுமுன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் கட்டத்தில், பிஎச்சை 3க்குப் பக்கமாக இறக்கும்போது கார்பாக்சில் ஹைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் குரோம் மேலேயே ஒட்டாமல் உள்ளே போகும். அப்புறம் சோடியம் பைகார்பனேட்டைத் தவணை தவணையாகப் போட்டு 3.8 வரை ஏற்றினால் கார்பாக்சில் ஹைட்ரஜனை விட்டுவிட்டுக் குரோமைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பைகார்பனேட் அயனியும் ஈரியல்பு உள்ளதுதான், புரோட்டானை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். ஒன்று மட்டும், பைகார்பனேட் போடுமுன் தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் குரோம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, டிரம் இன்னும் ஓட வேண்டும்.