பைத்தான் சாக்கெட்: கிளையன்ட் மூடிய பிறகும் எக்செப்ஷன் வரவில்லை, சிபியு மட்டும் 100 சதவீதம்

மாடித்தொட்டி:
மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டி மைக்ரோகன்ட்ரோலர்) வைத்திருக்கிறேன். பத்து நொடிக்கு ஒரு முறை தண்ணீர் மட்டத்தை ஒரு வரியாக டிசிபி இணைப்பு (நெட்வொர்க்கில் இரு முனைகள் பேசும் வழி) மூலம் கீழே இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்கு அனுப்பும். பையில் ஓடுவது பைத்தான், இணையும் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் (இங்கே போர்டு) ஒரு த்ரெட், உள்ளே வொய்ல் ட்ரூ என்ற முடிவில்லா லூப், அதற்குள் சாக்கெட்டிலிருந்து (இணைப்பின் என் பக்க முனை) படிக்க ரிசீவ் 1024. போர்டு இணைப்பை மூடினால் ஏதாவது எரர் வரும், ட்ரை எக்செப்ட்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் காலி வரியாக ஓடிக்கொண்டே இருக்கிறது, பை கொதிக்கிறது. டைம்அவுட்டும் (இத்தனை நொடிக்குமேல் காத்திருக்காதே என்ற வரம்பு) வைத்தேன், மூடிய பிறகு அதுவும் அடிக்கவில்லை. எங்கே தப்பு?

கடைசிபெஞ்ச்:
எரர் வராது, ஏனென்றால் அது எரரே இல்லை. எதிர்முனை ஒழுங்காக மூடினால் ஃபின் என்ற டிசிபி பாக்கெட் வரும், இனி அனுப்ப எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். ஃபைலைப் படித்து முடித்ததும் ரீட் காலியாகத் திரும்புகிறதே, அதே கதைதான். டேட்டா இன்னும் வரவில்லை என்றால் ரிசீவ் நின்று காத்திருக்கும். மூடியாயிற்று என்றால் காத்திருக்காமல் காலி பைட்ஸைக் கையில் கொடுக்கும், எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் கொடுக்கும், அதனால்தான் உங்கள் லூப் தலைதெறிக்க ஓடுகிறது, டைம்அவுட்டுக்கும் வேலை இல்லாமல் போகிறது. இஃப் நாட் டேட்டா என்றால் பிரேக், ஃபைனலியில் க்ளோஸ். சாக்கெட்டை ஏதாவது லிஸ்டில் போட்டு வைத்து க்ளோஸை மறந்தால் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கமாண்டில் க்ளோஸ்-வெயிட் (எதிர்முனை மூடியும் நாம் மூடாதவை) என்று வரிசை கட்டி நிற்கும், ஒருநாள் எரர் 24, டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதற்காகவே ஒரு தீபாவளி லீவு போனது.

நள்ளிரவு டெர்மினல்:
சரி, ஆனால் காலி பைட்ஸ் வந்ததும் இணைப்பே செத்தது என்று சொல்ல முடியாது. எழுதும் பக்கத்தை மட்டும் ஷட்டவுன் செய்துவிட்டு உங்கள் பதிலுக்காக எதிராளி காத்திருக்கலாம். தொட்டிக்கு அது தேவைப்படாது, விடுங்கள்.

நீங்கள் திரும்ப ஏதாவது அனுப்புவதாக இருந்தால்தான் கண்ணாமூச்சி. எதிர்முனை மூடிய பிறகும் முதல் செண்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல் வேலை செய்யும். கெர்னல் பஃபரில் (ஓஎஸ்ஸின் தற்காலிக நினைவகத்தில்) போட்டாயிற்று, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், போய்ச் சேர்ந்தது என்று இல்லை. அதற்கு மறுமொழியாக அங்கிருந்து ஆர்எஸ்டி (இணைப்பை முறிக்கும் பாக்கெட்) வந்த பிறகு, அடுத்த செண்டில்தான் ப்ரோக்கன்பைப்எரர், எண் 32. ரிசீவ் பக்கம் மாட்டினால் கனெக்ஷன்ரீசெட்எரர், லினக்ஸில் 104, விண்டோஸில் 10054. இரண்டும் கனெக்ஷன்எரரின் பிள்ளைகள், அப்பாவைப் பிடித்தால் போதும். சி மொழியில் இதே நிலைமை என்றால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து ப்ரோகிராமையே கொன்றுவிடும்; பைத்தான் தொடங்கும்போதே அதை இக்னோர் செய்துவிடுகிறது.

மாடித்தொட்டி:
பிரேக் போட்டதும் பை குளிர்ந்துவிட்டது, நன்றி. டைம்அவுட் இனி எதற்கு என்று எடுத்துவிட்டேன். அப்புறம் சும்மா இருக்காமல் போர்டின் வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். காலியும் இல்லை, எரரும் இல்லை, அரை மணி நேரமாக த்ரெட் ரிசீவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கம்பிக்காரன்:
கரன்ட் போன போர்டு ஃபின் அனுப்ப உயிரோடு இருக்க வேண்டுமே! இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இல்லை என்றால் டிசிபியில் பாக்கெட்டே போகாது, அரை மணி என்ன, அரை வருடம் ஆனாலும் இணைப்பு இருப்பதாகவே உங்கள் பக்கம் நம்பும். கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபியே தட்டிப் பார்ப்பது) ஆன் செய்யலாம்தான். லினக்ஸ் டீஃபால்ட்டில் 7200 நொடி சும்மா கிடந்த பிறகுதான் முதல் தட்டு, பிறகு 75 நொடி இடைவெளியில் மொத்தம் 9 தட்டு, ஆக 2 மணி 11 நிமிடத்துக்கு மேல். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்திருக்கும். அந்த எண்களைக் குறைக்கவும் முடியும், ஆனால் உங்களுக்குத்தான் பத்து நொடிக்கு ஒரு வரி வந்தாக வேண்டுமே, எடுத்த டைம்அவுட்டைத் திரும்ப வையுங்கள், 35 நொடி. மூன்று வரி தவறினால் மூடிவிடலாம். டைம்அவுட்எரர் கனெக்ஷன்எரரின் கீழ் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு செண்டுக்கு ஒரு ரிசீவ் என்று கணக்குப் போடாதீர்கள். வரி முடிவுக் குறி வரும்வரை சேர்த்து வையுங்கள், இணைப்பு போகும்போது மிச்சமிருக்கும் அரைகுறை வரியைத் தூக்கி எறியுங்கள். 87 என்று வர வேண்டியது 8 என்று வெட்டுப்பட்டு வந்தால் தொட்டி காலி என்று மோட்டார் ஓடும்.

மாடித்தொட்டி:
போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் தானாக ஓடியது. வீட்டில் எல்லோரும் சுவிட்சைச் சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாற்றியே விட்டோம்.