முகில் அறையில் தூறல்தான் தெரிகிறது, கோடு தெரியவில்லை: செய்து பார்த்தவர்கள் சொல்வது

விண்வெளியிலிருந்து வரும் துகள்களின் வழித்தோன்றல்கள் எந்நேரமும் நம்மை ஊடுருவிப் போகின்றன என்று படித்தவுடன் எல்லோரும் கேட்பது, "அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?" என்பது. துகளைப் பார்க்க முடியாது, அது போன தடத்தைப் பார்க்கலாம். சி.டி.ஆர். வில்சன் 1911-ல் அப்படித்தான் பார்த்தார். 1927-ல் நோபல் பரிசும் வந்தது. முகில் அறை (கிளவுட் சேம்பர்) என்ற அவருடைய கருவி காற்றைத் திடீரென்று விரியவைக்கும் வகை. வீட்டில் நாம் செய்வது அதைவிட எளியது: மேலே அறை வெப்பம், கீழே கடுங்குளிர், நடுவில் ஆல்கஹால் ஆவி.

தேவையானவை: சுமார் 30 x 20 செ.மீ. கண்ணாடி மீன்தொட்டி, அதன் வாயைவிடச் சற்றே பெரிய 3 மி.மீ. அலுமினியத் தகடு, தடித்த ஃபெல்ட் துணி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 3 கிலோ ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), குறுகிய ஒளிக்கற்றை தரும் எல்இடி டார்ச், தெர்மோகோல் தட்டு. தொட்டியின் உள் அடிப்பக்கத்தின் ஓரங்களைச் சுற்றி ஃபெல்ட்டைப் பொருத்தி, ஆல்கஹாலில் நனைத்து, தொட்டியைத் தகட்டின் மேல் கவிழ்க்க வேண்டும். தகடு ட்ரை ஐஸ் மேல் உட்கார வேண்டும். அவ்வளவுதான் கருவி. கோளாறுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

*

"20 நிமிஷம் ஆச்சு, மழைத் தூறல் மாதிரி மட்டும் தெரியுது, கோடு ஒண்ணும் இல்ல" என்று கேட்ட தம்பிக்கு:

தூறல் நல்ல அறிகுறி. ஆவி இருக்கிறது, குளிரும் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் டார்ச்சைப் பாருங்கள். மேலிருந்து அடித்தால் எதுவும் தெரியாது. தகட்டுக்கு 1 செ.மீ. உயரத்தில், தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். தடம் உண்டாகும் அடுக்கு தகட்டை ஒட்டிய ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே. அதற்கு மேலே ஆவி மிகைத்தெவிட்டு நிலைக்கு (ஒரு சாக்குக் கிடைத்தால் துளியாகிவிடும் நிலைக்கு) வருவதில்லை.

அடுத்தது தொடுகை. ட்ரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரியில் இருந்தாலும், குச்சி குச்சியாக வரும் ரகம் என்றால் தகடு அங்கங்கேதான் தொடும். துணிப்பையில் போட்டுச் சுத்தியலால் தட்டித் தூளாக்கி, தெர்மோகோல் தட்டில் சமமாகப் பரப்பி, தகட்டை அழுத்தி வையுங்கள். முதலில் கிறீச்சென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். சூடான உலோகத்தில் பட்ட வாயு வெளியேறும் ஓசை அது.

மூன்றாவது ஆல்கஹால். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் சரிவராது. மீதி 30 சதவீதம் தண்ணீர். சானிடைசரில் கிளிசரின் வேறு கலந்திருக்கும். ஆய்வகப் பொருள் கடையில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். ஃபெல்ட் சொட்டாத அளவுக்கு நனைந்தால் போதும். இந்த அளவுக்கு 40, 50 மி.லி. தாராளம்.

ஆவி சுழன்று சுழன்று ஓடினால் காற்று கசிகிறது. விளிம்பைச் சுற்றிக் களிமண்ணையோ ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பையோ வைத்து அடையுங்கள். ஆவி ஒரே பக்கமாகச் சரிந்தால் தகடு மட்டமாக இல்லை.

*

பசை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஃபெல்ட்டை ஹாட் குளூவால் ஒட்டாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அந்தப் பசையைக் கழற்றிவிடும்; பாதியில் துணி தகட்டின் மேல் விழும். கண்ணாடிக்கு வெளியே ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம் வைத்துப் பிடிப்பதுதான் சுத்தமான வழி. அக்ரிலிக் தொட்டியும் வேண்டாம், ஆல்கஹால் பட்டு நுண்விரிசல் விடும். தகட்டைக் கறுப்பாக்க மார்க்கர் பேனா பயன்படாது, கரைந்து வழியும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் போதும். கறுப்பு அனோடைஸ் செய்த தகடு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று: தொட்டியைக் கவிழ்த்து விளிம்பை அடைத்த பிறகுதான் தகட்டை ட்ரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். வெறும் தகட்டை முதலில் குளிரவைத்தால் காற்றிலுள்ள ஈரம் அதில் வெள்ளையாக உறைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைக் கோடு எப்படித் தெரியும்?

*

கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் "காஸ்மிக் கதிர்" என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தடித்து, சில சென்டிமீட்டரில் சட்டென்று முடிவது ஆல்ஃபா துகள் (ஹீலியம் அணுவின் கரு). பெரும்பாலும் அறைக் காற்றிலுள்ள ரேடான் வாயுவும் அதன் வழிவந்த தனிமங்களும் விடுவது. விண்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நூல் நூலாக வளைந்து நெளிந்து போவது குறைந்த ஆற்றலுள்ள எலக்ட்ரான். மெல்லியதாக, வளையாமல், தொட்டியின் குறுக்கே நீளமாகப் போவதுதான் மியுவானாக (விண்வெளித் துகள்கள் மேல் வளியில் மோதும்போது பிறக்கும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள்) இருக்க வாய்ப்புள்ளது. "வாய்ப்புள்ளது" என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அதிவேக எலக்ட்ரானும் அப்படியே கோடு போடும். காந்தப்புலம் இல்லாமல் பிரித்தறிய வழியில்லை. 1932-ல் இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானை (நேர் மின்னூட்டமுள்ள எலக்ட்ரானை) கண்டது வலுவான காந்தத்துக்குள் வைத்த முகில் அறையில்.

தடம் எப்படி உண்டாகிறது என்றால், உயரத்தில் விமானம் போன பின் நிற்கும் வெண்கோட்டைப் போலத்தான். துகள் வழியிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிட்டுப் போகிறது. அந்த அயனிகளைச் சுற்றி ஆல்கஹால் துளிகள் திரள்கின்றன. நீங்கள் கோட்டைப் பார்க்கும்போது துகள் எப்போதோ போயிருக்கும். 30 செ.மீ.யைக் கடக்க அதற்கு ஒரு நானோ விநாடி போதும்.

*

"ஒரு சதுர செ.மீ.க்கு நிமிஷத்துக்கு ஒரு மியுவான் என்கிறார்களே, என் தொட்டி 600 சதுர செ.மீ. அப்படியானால் நிமிஷத்துக்கு 600 கோடு வரணும் இல்லையா?"

நல்ல கேள்வி. 600 வருவது உண்மைதான். ஆனால் பெரும்பாலானவை மேலிருந்து செங்குத்தாகவோ சற்றே சாய்ந்தோ வருகின்றன. உணர்திறனுள்ள அடுக்கோ ஒரு சென்டிமீட்டர் தடிமன். செங்குத்தாக வருவது அதில் குத்திட்டு நிற்கும் குட்டித் தடம். மேலிருந்து பார்க்கிற உங்களுக்கு ஒரு புள்ளி. தூறலோடு தூறலாகப் போய்விடும். படுக்கைவாட்டில் சாயச் சாய மியுவான் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது (செங்குத்திலிருந்து உள்ள கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பின்பற்றி). ஆகவே நீளக் கோடுகள் அரிது. தொட்டியின் பக்கக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், குட்டித் தடங்களும் பிடிபடும்.

பழைய அயனிகள் தேங்கினால் எல்லாம் மங்கலாகும். பிவிசி குழாயைக் கம்பளித் துணியில் தேய்த்து மேல் கண்ணாடிக்கு அருகில் காட்டினால், அந்த மின்புலம் அயனிகளை இழுத்து ஓரளவு துப்புரவாக்கும்.

*

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: மியுவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்திலேயே போனாலும் 660 மீட்டர்தான் தாண்டும். சுமார் 15 கி.மீ. உயரத்தில் பிறந்தது தரைக்கு எப்படி வருகிறது?

கணக்கு போட்டுப் பாருங்கள். மியுவானின் நிறை ஆற்றல் 0.106 ஜிஇவி (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). தரையை எட்டுபவற்றின் சராசரி ஆற்றல் 4 ஜிஇவி அளவு. வகுத்தால் ஏறத்தாழ 38. ஐன்ஸ்டைனின் சார்பியல்படி, வேகமாகப் போகும் அதன் ஆயுள் நம் கடிகாரத்துக்கு அத்தனை மடங்கு நீள்கிறது. 660-ஐ 38-ஆல் பெருக்கினால் 25 கி.மீ. சார்பியல் இல்லையென்றால் உங்கள் தொட்டியில் நீளக் கோடு ஏறக்குறைய இருக்காது.

கூரை தடுக்குமா என்றால், தடுக்காது. 15 செ.மீ. கான்கிரீட்டைத் தாண்ட மியுவான் இழப்பது 0.07 ஜிஇவி போல. மொட்டைமாடிக்கு ஓட வேண்டியதில்லை, கீழ்த்தளத்திலேயே வையுங்கள். மியுவான்களிலிருந்து தப்பத்தான் கோலார் தங்கச் சுரங்கத்தில் 2 கி.மீ.க்கும் கீழே கருவி வைத்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் (எதையும் எளிதாக ஊடுருவும் மின்னூட்டமில்லாத துகள்கள்) அங்கே 1965-ல் பதிவாயின. எதிர்த்திசையில், மியுவான்களையே தேடுவது ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம். அதன் 560 சதுர மீட்டர் மியுவான் தொலைநோக்கி 2014 டிசம்பர் 1-ல் ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 1.3 கிகா வோல்ட் என்று கணிக்க உதவியது.

*

ட்ரை ஐஸ் கிடைக்காத ஊர்களில் பெல்டியர் (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறு தகடு) வைத்துச் செய்யலாமா என்று கேட்டார்கள். செய்யலாம், ஒன்று போதாது. கடைகளில் கிடைக்கும் டிஇசி1-12706 மாடல் பெல்டியரின் இரு பக்கங்களுக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் 66 டிகிரி போலத்தான், அதுவும் சுமையே இல்லாதபோது. நம் ஊரில் ஹீட்சிங்க் 45 டிகிரிக்குப் போனால் மேல்பக்கம் மைனஸ் 20-ஐக்கூடத் தொடாது. மைனஸ் 30 அளவு வேண்டும். இரண்டை அடுக்கி, கீழ் உள்ளதற்கு 12 வோல்ட், மேல் உள்ளதற்கு 5 வோல்ட் கொடுங்கள். இரண்டுக்கும் 12 கொடுத்தால் மேல் உள்ளது கக்கும் வெப்பத்தைக் கீழ் உள்ளது தாங்காமல் எல்லாமே சூடாகும். விசிறிக்குப் பதில் ஐஸ் தண்ணீரைப் பம்ப் வைத்துச் சுற்றவிடுங்கள். பார்க்கும் இடம் 4 செ.மீ. சதுரம்தான், நீளக் கோடுகளை எதிர்பார்க்காதீர்கள்.

*

ட்ரை ஐஸை வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள். தடித்த கையுறை கட்டாயம். ஒரு கிலோ 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாக மாறும். மூடி இறுகிய டப்பாவில் போட்டால் வெடிக்கும்; கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுவந்தால் மூச்சு முட்டும். வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைத்தான் முதலில் பாதிக்கும், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆல்கஹால் தீப்பற்றும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ கூடாது. தெர்மோகோல் பெட்டியில் வைத்தாலும் நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேல் கரைந்து போகும், அதனால் செய்கிற அன்று காலையில் வாங்குங்கள். மிஞ்சியதை சிங்க்கில் கொட்டினால் பீங்கானும் குழாயும் விரிசல் விடும். மொட்டைமாடியில் யார் கையும் எட்டாத மூலையில் பரப்பிவிட்டால் தானே போய்விடும்.