செயற்கைக் காலோடு வயல் வேலை: நல்ல கால் முழங்கால் நோவுக்கும் நாரி நோவுக்கும் என்ன பயிற்சி?

அக்கராயன் மகள்:
அப்பாவுக்கு 54 வயது. மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் கால் போட்டு நடக்கிறார், காலபோகத்தில் வயலும் செய்கிறார். இப்ப நாரியும் வலது முழங்காலும் விடாமல் நோகுது. காலமை எழும்பினால் முழங்கால் பத்து நிமிசம் விறைப்பு, பிறகு இளகும். எக்ஸ்ரேயில் தேய்மானம் எண்டு சொல்லி பரசிற்றமோலும் பூசுற மருந்தும் தந்தவை. பயிற்சி செய்யச் சொன்னவை, விவரம் சொல்லேல்லை. எந்தப் பயிற்சி, எத்தனை தரம்? நோகேக்க செய்யலாமோ? வலது தொடையில் சின்ன ஷெல் துண்டு ஒண்டும் கிடக்கு, சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமோ?

வன்னி இயன்மருத்துவம்:
தங்கச்சி, நோகிறது வலது முழங்கால் எண்டாலும் வேலையை இடது பக்கத்தில் தொடங்கவேணும். செயற்கைக் காலில் பாரம் வைக்கப் பயந்து உடம்பு முழுப் பாரத்தையும் நல்ல காலில் போடுகிறது. இடது இடுப்பின் பக்கத் தசை பலம் குறைஞ்சு போனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வை நாரி தாங்குது. வலது முழங்காலுக்கு மட்டும் பயிற்சி செய்தால் நோ கொஞ்சம் குறையும், வயலுக்கு இறங்கினதும் திரும்ப வரும்.

முதலாவது, கவிண்டு படுக்கிறது. செயற்கைக் காலைக் கழட்டிப்போட்டு பாயில் கவிண்டு, முகத்தை வலப்பக்கம் திருப்பி, காலமையும் இரவும் 20 நிமிசம். கதிரையில் கனநேரம் இருக்கிறவைக்கு இடுப்பின் முன்பக்கத் தசை சுருங்கிப்போகும். அது இளகாமல் நாரி நோ போகாது. இரவில் இடது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கவே வேண்டாம். சுகமாத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடிஞ்சபடி இறுகிப்போகும்.

பிறகு வலப்பக்கம் சரிஞ்சு படுத்து இடது தொடையை மேலே தூக்குறது. 10 தரம், இரண்டு சுற்று. இதில்தான் கனபேர் பிழை விடுகினம். தொடை முன்னுக்கு வந்தால் வேலை செய்கிறது வேற தசை. குண்டியும் முதுகும் சுவரில் முட்டுற மாதிரிப் படுத்துக்கொண்டு, தொடையைக் கொஞ்சம் பின்னுக்கே வைச்சுத் தூக்கட்டும். குண்டியின் பக்கவாட்டில் களைப்புத் தெரிஞ்சால் சரி.

வலது முழங்காலுக்கு: மல்லாந்து படுத்து, சுருட்டின துவாயை முழங்காலுக்குக் கீழே வைச்சு 5 செக்கன் அமத்துறது, 10 தரம். அடுத்ததாக, செயற்கைக் காலைப் போட்டு இடது முழங்காலை மடிச்சு ஊண்டிக்கொண்டு, வலது காலை நேராக ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி 5 செக்கன் பிடிச்சு மெல்ல இறக்குறது. 8 தரத்தில் தொடங்கி 12 வரை கூட்டலாம். மூச்சை அடக்க வேண்டாம்.

கடைசியாக, கதிரையில் இருந்து கை ஊண்டாமல் எழும்புறது. முதல் கிழமை கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்துங்கோ. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்கவேணும். வலது காலைப் பின்னுக்கு இழுத்துவைச்சு எழும்பினால் திரும்பவும் பாரம் முழுக்க அதுக்குத்தான் போகும். முன்னால் கண்ணாடி வைச்சுப் பார்க்கட்டும்.

கவிண்டு படுக்கிறது தினமும். மற்றவை கிழமைக்கு மூண்டு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். மூண்டு நாலு கிழமைக்குப் பிறகு பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, கதிரையின் பின்காலிலும் வலது கணுக்காலிலும் கட்டி, இருந்தபடி முழங்காலை நீட்டலாம். வெடிப்பு விழுந்த ரியூப் வேண்டாம். பலம் ஏற 6 முதல் 12 கிழமை எடுக்கும், பத்து நாளில் விட்டுப்போட்டு பலனில்லை எண்டு சொல்லக்கூடாது.

நோவைப் பற்றி: பத்துக்கு நாலு வரை நோகேக்க செய்யலாம், அடுத்தநாள் காலமை பழைய நிலைக்கு வந்தால் சரி. வராவிட்டால், இல்லாட்டி முழங்கால் வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கோ. முழுக்க நிப்பாட்ட வேண்டாம்.

ஒத்தடம் 15 நிமிசம், துணி சுத்தித்தான். ஷெல் துண்டு இருந்தாலும் பயமில்லை. தோல் உணர்ச்சி இல்லாத இடத்தில் மட்டும் வைக்கக்கூடாது, சுட்டது தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் டயதேமி மின்சூடு தரப் போனால், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், துண்டு இருக்கிறதைக் கட்டாயம் முதலே சொல்லவேணும்.

கால் பட்டறை:
பயிற்சிக்கு முதல் கால் உயரத்தைப் பாருங்கோ. ஐயாவை நேரே நிக்கவைச்சு, பின்னால் நிண்டு இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் பெருவிரலை வையுங்கோ. ஒரு பக்கம் பதிஞ்சிருந்தால் அந்தக் காலுக்குக் கீழே கொப்பியள் அடுக்கி மட்டமாக்குங்கோ. அடுக்கு ஒரு சென்றிமீற்றருக்கு மேல் போனால் செயற்கைக் கால் செய்யிற பட்டறையில் திருத்தவேணும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் அது சரிவராது.

சில வேளை கால் கட்டையாகத் தெரியிறதுக்கு, செயற்கைக் காலுக்குள்ளே போடுற சொக்ஸ்தான் காரணம். பின்னேரமாக மிச்சக் கால் சுருங்கி சொக்கெற்றுக்குள் (செயற்கைக் காலில் அது நுழையிற குழிக்குள்) தாழும். அப்ப ஒரு சொக்ஸ் கூடப் போட்டால் உயரம் திரும்ப வரும். காலைக் கழட்டினதும் தோலைப் பாருங்கோ. பத்து நிமிசத்தில் மறையாத சிவப்பு இருந்தால் சொக்கெற் பிழை. காயம் எண்டால் ஆறும்வரை கால் போடக்கூடாது.

செருப்பும் முக்கியம். குதி உயரம் மாறினால் செயற்கைக் காலின் சரிவும் மாறும், ஒரே உயரமான செருப்பையே பாவிக்கட்டும்.

அக்கராயன் மகள்:
கொப்பி வைச்சுப் பார்த்தம், இடது பக்கம் ஒண்டரை சென்றிமீற்றர் குறைவு. பட்டறைக்குப் போறம். கவிண்டு படுத்தால் நாரி கூட நோகுது எண்டுறார். விதைப்பும் வருகுது.

வன்னி இயன்மருத்துவம்:
வயித்துக்குக் கீழே மெல்லிய தலையணை ஒண்டு வைச்சு 5 நிமிசத்தில் தொடங்குங்கோ. நாளுக்கு நாள் கூட்டி, பிறகு தலையணையை எடுக்கலாம். நோ நாரியில் இருந்து காலுக்கு இறங்கினால் நிப்பாட்டிப்போட்டுக் காட்டவேணும். சலம் போகாமல் அடைச்சால் அல்லது அடக்க ஏலாமல் போனால், தொடையிடுக்கு மரத்தால், பாதம் தூக்க ஏலாமல் விழுந்தால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு முழங்கால் சிவந்து சுட்டாலும் அப்பிடித்தான்.

விதைப்பு நேரம்: 50 கிலோ யூரியாப் பையைத் தூக்காமல் வாளியில் பிரிச்சு, இரண்டு கையிலும் பாதிப்பாதி கொண்டு போகட்டும். 16 லீற்றர் மருந்துத் தாங்கியில் 8 லீற்றர் மட்டும். வரம்பில் நடக்க ஊண்டுதடி இடது கையில் பிடிக்கவேணும், நோகிற முழங்காலுக்கு எதிர்ப்பக்கம். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வரவேணும். வேலை கூடின நாளில் முழங்கால் பயிற்சியை விடலாம், கவிண்டு படுக்கிறதை விடவேண்டாம்.