கலைச்சொல்: நெகடிவ் டிரான்ஸ்ஃபர் - ‘கடத்தல்’ சரியா?

[நாகர்கோவில்]
வணக்கம். விமானப் பயிற்றுநர் தேர்வின் கற்பித்தல் பாடத்தில் நெகடிவ் டிரான்ஸ்ஃபருக்குச் சொல் வேண்டும். முன்பே கைவந்த பழக்கம் புதிய திறனைக் கெடுப்பதுதான் பொருள். பி.எட். நூல்களின் ‘எதிர்மறைப் பயிற்சி மாற்றம்’, பயிற்சியையே மாற்றிவிட்டதுபோல ஒலிக்கிறது. ‘எதிர்மறைக் கடத்தல்’ போடலாமா?

[மார்த்தாண்டம்]
> ‘எதிர்மறைக் கடத்தல்’ போடலாமா?
விமானப் புத்தகத்திலா! படிப்பவர் துப்பாக்கியோடு வருபவனைத் தேடுவார்.

நடப்பதைப் பார்த்துச் சொல் எடுப்போம். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம் தரையில் ஊரும்போது திருப்புவது கால்தான். சுக்கான் மிதிகள் முன்சக்கரத்தைப் பக்கத்துக்குச் சுமார் 10 பாகை திருப்பும். அதற்குமேல் அந்தப் பக்கத்து பிரேக்கையும் மிதிக்கவேண்டும். கார் ஓட்டிப் பழகியவரோ கையிலுள்ள யோக்கை (ஸ்டீயரிங் போன்ற பிடி) திருப்புவார். இறக்கை நுனியில் எய்லரான் என்ற அசையும் தகடு மேலும் கீழும் ஆடும், மூக்கு திரும்பாது. பதறி இன்னும் திருப்புவார். அதற்குள் சக்கரம் ஊரும் பாதையின் மஞ்சள் நடுக்கோட்டை விட்டுப் போயிருக்கும். கைகளை மடியில் வைத்துக் காலால் மட்டும் ஊரச் சொல்வது நல்ல மருந்து.

சைக்கிள் பழக்கம் இன்னும் மோசம். இடது கைப்பிடியை முன்னே தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். இடது மிதியைத் தள்ளினால் விமானம் இடப்பக்கம்.

என் வாக்கு ‘பழக்கக் குறுக்கீடு’.

[குளச்சல்]
அண்ணாச்சி, ‘குறுக்கீடு’ ஏற்கெனவே மறதிப் பாடத்தில் இருக்கிறது: ஒன்றைப் படித்தது இன்னொன்றின் நினைவை மறைப்பது. இங்கே பழையது மறக்காததுதான் தொல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் தேர்வு எழுதுபவர் விடையை மாற்றிக் குறிப்பார்.

வள்ளத்தில் எஞ்சின் கைப்பிடியை வலத்தே தள்ளினால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) இடத்தே போகும். யோக்கை வலத்தே திருப்பினால் விமானம் வலத்தேதான் சாயும். கடலில் பழகிய கை இங்கே இடறும். ஆகவே ‘பழக்க இடறல்’.

அதே ஆளுக்கு நன்மையும் உண்டு. நீரோட்டம் இழுக்கும் பக்கத்துக்கு எதிராக அணியத்தைச் சற்றே வைத்துக் கரை பிடிப்பவருக்கு, பக்கக்காற்றில் மூக்கைக் காற்று வரும் பக்கம் வைத்து நேர்கோட்டில் பறப்பது சட்டென்று பிடிபடும். இந்தப் பாசிட்டிவ் டிரான்ஸ்ஃபருக்குப் ‘பழக்கத் துணை’.

[நாகர்கோவில்]
‘இடறல்’ எடுத்துக்கொள்கிறேன். ‘துணை’ கல்யாண விளம்பரம்போல இருக்கிறது. ‘பழக்க உதவி’ போதும்.

எடுத்துக்காட்டு வரி: “பயிற்றுநர் சொல்லிச் செய்தபின், மாணவர் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்யும் படியைத் தாண்டக்கூடாது, பழக்க இடறல் கைக்கு வருமுன் வாயில் வெளிப்படுவது அங்கேதான்.”